குந்துமலை எழுந்து நின்ற நாள்

மலைக்கும் காற்றுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், உவர்க்கரை என்று ஒரு கடலோர ஊர் இருந்தது. இப்போதும் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் அங்கே போனால் கடற்கரையில் மேல்துண்டு இல்லாமல் நடக்கலாம், அவ்வளவு இதமான வெயில். அப்படியே தலையைத் தூக்கி வடக்கே பார்த்தால், ஊருக்கு மேலே ஒரு மலை தலை நிறைய வெண்பனியோடு நிற்கும். கீழே நமக்கு லேசாக வேர்த்திருக்கும், மேலே எல்லாம் உறைந்து கிடக்கும். போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, அழகு அழகு என்று சொல்லிவிட்டு, கருவாடு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். இத்தனை காலமாக நிற்கிறதே, இதற்குக் கால் வலிக்காதா என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

பனி என்றதும் விடியற்காலையில் புல்லில் படிகிற ஈரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது வடதேசத்துப் பனி. கையில் அள்ளினால் விரலைக் கடிக்கும். கூரையில் விழுந்தால் கூரையை அமுக்கும். அந்தக் காலத்தில் இந்தப் பனி மலைமேல் இல்லை, ஊருக்குள்தான் விழுந்தது. மலையும் இப்படி நிற்கவில்லை, உட்கார்ந்திருந்தது.

உலகம் உண்டானபோது எல்லா மலைகளும் எழுந்து நின்றனவாம். உவர்க்கரை மலை மட்டும், "நீங்க நில்லுங்க, நான் கொஞ்சம் பொறுத்து நிக்கேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு கால்களையும் கடலுக்குள் நீட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டது. அலை வந்து பாதத்தை நனைத்துவிட்டுப் போகும். அதைவிடச் சுகம் வேறு இல்லை என்று அது கண்டுகொண்டது. அப்படியே யுகங்கள் போய்விட்டன. நீட்டிய இரண்டு கால்களுக்கும் நடுவில் மணல் சேர்ந்தது, மணலில் ஊர் வந்தது. ஊர்க்காரர்கள் அதற்குக் குந்துமலை என்று பெயர் வைத்தார்கள். கேலியாகத்தான் வைத்தார்கள். மலை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊரில் உப்புத்தான் தொழில். ஆண்கள் பாத்தியில் உப்பு வாருவார்கள். பெண்கள் அதைக் கடகப்பெட்டியில் அள்ளித் தலையில் வைத்து, மலையின் முழங்காலில் ஏறி, மடியைக் கடந்து, இடுப்பைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கத்துச் சந்தைக்குக் கொண்டுபோவார்கள். தலைச்சுமைக்காரர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. சுமையைத் தன்னந்தனியாகத் தலையில் ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. இன்னொரு ஜோடிக் கை வேண்டும். அதனால் அந்தப் பெண்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வழியில் சுமையோடு ஒருத்தி தள்ளாடி வந்தால், எதிரே வெறுங்கையோடு வருகிறவர் யாராக இருந்தாலும், கேட்காமலே கையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிடிக்க வேண்டும். பகையாளியாக இருந்தாலும் சரிதான். அப்படிப் பிடித்து வைத்திருக்கிறவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுமைக்காரி போய்விடக் கூடாது. திரும்ப வாங்கிக்கொள்கிறவரைக்கும் அவருக்கு முகம் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும். பார்க்க ஒரு ஆள் இருந்தால் பாரம் கொஞ்சம் குறைகிறது என்பது அவர்கள் அனுபவம்.

குந்துமலை இதையெல்லாம் காலங்காலமாகத் தன் மடியில் நடக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்ததோடு சரி. ஒருநாளும் ஒருத்திக்கும் கைகொடுத்ததில்லை. மலையிடம் அதை எதிர்பார்க்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பெண்களில் ஒருத்திதான் ஆவுடைச்சி. அவள் புருஷன் நயினான் உப்பு வாருகிறவன், அதிகம் பேசமாட்டான். ஆவுடைச்சிக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டுமே மார்கழியில் பிறந்தன, இரண்டுமே தையைக் காணவில்லை. குளிர்தான். நெஞ்சோடு அணைத்து, தன் சேலையையும் புருஷனின் வேட்டியையும் சுற்றி, அடுப்போரத்திலேயே உட்கார்ந்திருந்தும் காப்பாற்ற முடியவில்லை. இப்போது மூன்றாவது வயிற்றில் இருந்தது. இதுவும் மார்கழியில்தான் வரும் என்று மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொன்னபோது, ஆவுடைச்சி அழக்கூட இல்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவள் போய்ப் பெட்டியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஊருக்குள் பனியைக் கொண்டுவந்தது வாடைக்காற்று. வாடையும் ஒரு சுமைக்காரிதான். வடக்கே பனி விளைகிற தேசத்தில், வருஷத்துப் பனி முழுவதையும் மேகத்துணியில் மூட்டையாகக் கட்டி அவள் தலையில் ஏற்றிவிடுவார்கள். யார் ஏற்றுகிறார்கள் என்று கேட்காதீர்கள். ஏற்றிவிட எப்போதும் ஆள் இருக்கும், இறக்கிவிடத்தான் ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். வழியில் அவள் உயரத்துக்கு ஒருவரும் இல்லாததால், கடல்வரைக்கும் சுமந்துவந்து அங்கே தலையோடு குப்புற விழுந்துதான் அவள் மூட்டையைத் தள்ளவேண்டும். உவர்க்கரைக்கு வருவதற்குள் கழுத்து ஒடிந்து, மூட்டை கிழிந்து, பாதிப் பனி ஊர்மேல் கொட்டிவிடும். கூரைகள் விழும். பாத்தியில் உப்பு எது, பனி எது என்று தெரியாது. ஊரார் அவளைக் கொலைகாரி என்று திட்டுவார்கள். அவள் திட்டை வாங்கிக்கொண்டு கடலுக்குள் விழுவாள், பிறகு எழுந்து வடக்கே போவாள். அடுத்த வருஷம் மறுபடியும் வருவாள்.

அந்த வருஷம் கார்த்திகைக் கடைசியில் நாரைகள் வந்து இறங்கின. வடக்கேயிருந்து சேதி கொண்டுவருவது அவைதான். வாடை புறப்பட்டுவிட்டாள், மூட்டை இந்த வருஷம் எந்த வருஷத்தையும்விடப் பெரிது, பார்க்கவே பாவமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நாரைகள் மீன் பிடிக்கப் போய்விட்டன.

நயினான் அன்றே வேலையை ஆரம்பித்தான். வீட்டின் வடக்குச் சுவருக்கு வெளியே பனையோலையை அடுக்கி அடுக்கிக் கட்டினான். அதன்மேல் களிமண்ணைப் பூசினான். பூசியது காய்ந்ததும் மறுபடி ஓலை கட்டினான். போன இரண்டு தடவையும் அவன் இதைத்தான் செய்தான், பலன் இருக்கவில்லை. அது அவனுக்கும் தெரியும், ஆவுடைச்சிக்கும் தெரியும். வேறு என்ன செய்வது என்று தெரியாததால் அவன் கட்டிக்கொண்டிருந்தான், அவள் ஓலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் உப்புப் பெட்டியோடு மலைமடியில் ஏறும்போது அவள் நின்றாள். நிறைமாத வயிறு. இறக்கி வைக்க ஆளில்லை. ஊன்றுகோலில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினாள். மலை வழக்கம்போலக் குசலம் விசாரித்தது. வயிறு எப்படி இருக்கிறது, இந்த நேரத்தில் ஏன் சுமக்கிறாய் என்றெல்லாம் கேட்டது. அக்கறை அதற்கு உண்டு, குறை சொல்லக் கூடாது.

"அண்ணாச்சி, நான் உங்ககிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல," என்றாள் ஆவுடைச்சி. "இந்த வருசம் மட்டும் வாடை வாறப்போ கொஞ்சம் எந்திரிச்சு மறிச்சு நில்லுங்க. பிள்ளை பிறந்து காலு கையி நிமிர்றவரைக்கும் போதும்."

அலை இரண்டு மூன்று தடவை வந்து பாதத்தை நனைத்துவிட்டுப் போயிற்று.

"எந்திரிச்சா மறுபடி உக்கார விடுவாங்களா, தங்கச்சி? நின்னுட்டவன் எவனாவது பிறகு உக்காந்து நீ பாத்திருக்கியா?" என்றது மலை.

ஆவுடைச்சி அதை யோசித்துப் பார்த்தாள். மலை சொல்வது தப்பென்று அவளால் சொல்ல முடியவில்லை. அவளே விடிந்ததிலிருந்து உட்காரவில்லை. கோபித்துக்கொள்ளாமல், வருகிறேன் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுச் சந்தைக்கு நடந்தாள். அவள் கோபித்திருந்தால் மலைக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் போன பிறகு அதற்கு அலையும் சுகப்படவில்லை, வெயிலும் சுகப்படவில்லை.

மார்கழி பிறந்தது. ஒரு மத்தியான வேளையில் வடக்கு வானம் வெளுத்துக்கொண்டு வந்தது. பாத்தியில் இருந்தவர்கள் எல்லோரும் வீட்டுக்கு ஓடினார்கள். ஆவுடைச்சி அப்போது உப்புப் பெட்டியோடு மலையிடுப்பில் இருந்தாள். கீழே ஓடாமல் அவள் மேலே ஏறினாள். வாடையை நேருக்கு நேர் பார்த்துக் கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி. வழியை மாற்றிக்கொண்டு போ என்று சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் மண்ணை வாரித் தூற்ற வேண்டும். இரண்டு பிள்ளைகளைத் தின்றவளே என்று முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். இந்த வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே, பெட்டியை இறக்கவும் வழியில்லாமல், தலைச்சுமையோடே மலையின் உச்சந்தலைக்குப் போய்ச் சேர்ந்தாள். உட்கார்ந்திருந்த மலைதானே, அந்தக் காலத்தில் அது ஒன்றும் பெரிய உயரமில்லை.

வாடை வந்தாள்.

ஆவுடைச்சி அவளை அதற்குமுன் பார்த்ததில்லை. ஊரில் யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு குளிரைத்தான் பார்த்திருக்கிறார்கள். கொலைகாரி என்றால் அவள் வேறு மாதிரி நினைத்திருந்தாள். வந்தவள் வானத்துக்கும் பூமிக்குமாக நீண்டு, வற்றி, முழங்கால் மடங்க, தள்ளாடித் தள்ளாடி வந்துகொண்டிருந்தாள். தலையில் மூட்டை ஒரு ஊரளவு இருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண் செருகியிருந்தது. ஒரு கை மூட்டையைப் பிடித்திருக்க, மறு கை காற்றில் எதையோ பிடிக்கத் தேடிக்கொண்டிருந்தது. அந்தத் தேடலை ஆவுடைச்சிக்குத் தெரியும். தள்ளாடுகிற ஒவ்வொரு சுமைக்காரியின் கையும் அப்படித்தான் தேடும்.

"வழிய விடு பிள்ளே, கழுத்து போச்சு," என்றாள் வாடை.

ஆவுடைச்சி சொல்ல வந்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் கைகள் இரண்டும் தாமாகவே மேலே போயின. தான் வெறுங்கையில்லை, தன் தலையிலும் சுமை இருக்கிறது, வயிற்றிலும் சுமை இருக்கிறது என்பதை மறந்துவிட்டாள். பிறந்த நாளிலிருந்து பழகிய வழக்கம், யோசிக்க நேரம் கொடுக்காது. உவர்க்கரைப் பெண்ணைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டார்கள். பெட்டி தலையிலிருந்து சரிந்து, உப்பு முழுக்க மலையுச்சியில் கொட்டியது. ஆவுடைச்சி பனிமூட்டையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டாள்.

பிடித்த பிறகுதான் பாரம் அவளுக்குத் தெரிந்தது. வாடை, கை கிடைத்த நிம்மதியில், பாரத்தைத் தளர விட்டுவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எத்தனை யுகமாகவோ யாரும் அவளுக்குக் கைகொடுத்ததில்லை. மூட்டை ஆவுடைச்சியின் மேல் சரிந்தது. விட்டாலும் நசுங்குவாள், விடாவிட்டாலும் நசுங்குவாள். அவள் கத்தவில்லை. பாரத்தை வைத்துக்கொண்டு கத்த முடியாது. கண்ணை மட்டும் சுற்றும் முற்றும் ஓட்டினாள், வெறுங்கையோடு யாராவது இருக்கிறார்களா என்று.

அந்த வானத்துக்குக் கீழே வெறுங்கையோடு இருந்தது ஒரே ஒருவர்தான். அது மலைக்கும் தெரிந்துவிட்டது.

குந்துமலை ஒரு பெருமூச்சு விட்டது. கடலுக்குள் நீட்டியிருந்த காலை மடக்கியது. ஊர் முழுக்கச் சட்டிபானைகள் உருண்டன. கால்கள் கிடந்த பள்ளங்களில் கடல்தண்ணீர் புகுந்தது. அவைதான் இப்போது ஊருக்கு இரண்டு பக்கமும் இருக்கிற காயல்கள். கையை ஊன்றி, இடுப்பைத் தூக்கி, யுகக்கணக்காக உட்கார்ந்திருந்த முட்டி நெறுநெறுக்க, மலை எழுந்திருக்கத் தொடங்கியது. உச்சந்தலையில் நின்ற ஆவுடைச்சியும் கூடவே மேலே போனாள். மலையின் தலை மூட்டைக்கு அடியில் முட்டப்போகிற நேரத்தில்தான் அவளுக்குச் சுமைக்காரி புத்தி வந்தது.

"சும்மாடு இல்லாம ஏத்தக் கூடாது, அண்ணாச்சி," என்று சொல்லி, தன் தலையில் சுருட்டி வைத்திருந்த கருப்புத்துணியை எடுத்து மலையுச்சியைச் சுற்றி வளையமாக வைத்தாள். பனிக்குக் கீழே இன்றைக்கும் கருப்பாக ஒரு வளையம் தெரிகிறதே, அது அதுதான். மலை எழுந்தபோது துணியும் பெரிதாகிவிட்டது. சும்மாட்டின்மேல் மூட்டை உட்கார்ந்ததும் வாடைக்கு இரண்டு கையும் ஓய்ந்தன. அவள் ஆவுடைச்சியை இடுப்பைப் பிடித்துத் தூக்கி, கீழே அவள் வீட்டு வாசலில் பதமாக இறக்கி வைத்தாள்.

பிறகு வாடை நிமிர்ந்து நின்று கழுத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். தலையில் ஒன்றும் இல்லாமல் அவள் நின்றதே இல்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டது மலை.

"இந்தா, மூச்சு வாங்கிட்டு வந்துருதேன். கொஞ்ச நேரம் பிடிச்சிருங்க, அண்ணாச்சி," என்றாள் வாடை. சொல்லிவிட்டு வெறுந்தலையோடு ஊர்மேல் மெல்ல நடந்து கடலுக்குப் போனாள். அவள் கடந்தபோது ஊரில் ஒரு கூரை அசையவில்லை. லேசான குளிர்ச்சி மட்டும் இருந்தது, துவைத்த துணியை உதறுகிறபோது முகத்தில் படுகிற மாதிரி. கடலில் போய்ப் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

மலை, கீழே வாசலில் நின்ற ஆவுடைச்சியிடம், பிடித்திருப்பவனைப் பார்க்க ஆள் வேண்டுமே, அதுதானே உங்கள் வழக்கம் என்றது. நான் பார்க்கிறேன் அண்ணாச்சி என்றாள் ஆவுடைச்சி. அப்படித்தான் அவர்களுக்குள் பேச்சு முடிந்தது.

நயினான் அத்தனை ஓலையும் களிமண்ணும் வைத்து அடைத்த வடக்குச் சுவரில், இப்போது ஒரு ஜன்னல் உடைக்கவேண்டியதாயிற்று. கடப்பாரையை எடுத்து, தன் கையால் பூசியதைத் தன் கையால் இடித்தான். ஆவுடைச்சி விடிந்ததும் அதன் வழியாகப் பார்த்தாள். உலை வைத்துவிட்டுப் பார்த்தாள். படுக்கிறபோது பாயை ஜன்னலுக்கு நேராகப் போட்டுக்கொண்டாள். வாடை வரவில்லை. மலை நின்றுகொண்டிருந்தது. ஊர் இதமாக இருந்தது. அந்த மார்கழியில் கொடியில் போட்ட துணி காய்ந்தது, கிழவர்கள் வாசலில் உட்கார்ந்தார்கள், மற்ற வீட்டுப் பிள்ளைகள் மணலில் விளையாடின. எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். மலையை நிமிர்ந்து பார்த்தது அவள் ஒருத்திதான்.

வாடையை எழுப்ப அவளால் முடிந்திருக்கும். கடற்கரையில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும். எழுப்பினால் அவள் வந்து மூட்டையை வாங்கிக்கொள்வாள், மலை உட்கார்ந்துவிடும். மூட்டை மறுபடி ஊர்வழியாகத்தான் கடலுக்குப் போகும். ஆவுடைச்சி ஒரு காலையில் கரைவரைக்கும் போனாள். வாடை கையைத் தலைக்கு வைத்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஆவுடைச்சி நின்று பார்த்துவிட்டு, கூப்பிடாமல் திரும்பிவிட்டாள். அதன்பிறகு ஜன்னல் வழியாக மலையின் முகத்தைப் பார்ப்பது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் பார்த்தாள்.

வலி கண்டது. பொழுது சாய்ந்து, விடிந்து, மறுபடி சாய்ந்தும் பிள்ளை வரவில்லை. அவளால் ஜன்னல்பக்கம் திரும்ப முடியவில்லை. வெந்நீருக்காக அக்கம்பக்கத்து வீடுகளிலெல்லாம் அடுப்பு எரித்தார்கள். பெருக்கக் காற்றில்லாத ஊரில் புகையும் கடலாவியும் சேர்ந்து மேலே கவிந்துகொண்டன. மலைக்கு ஊர் தெரியவில்லை. ஜன்னலும் தெரியவில்லை, முகமும் தெரியவில்லை.

விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று மலை நினைத்தது. யார்தான் நினைக்கமாட்டார்கள். ஆவுடைச்சி, வாடை இரண்டு பேருமே கொஞ்ச நேரம் என்றுதானே ஆரம்பித்தார்கள். அதன் முட்டி ஆடியது. தலையில் பாரம் சரிந்து, மூட்டையின் ஒரு பெரிய கட்டி பிய்ந்து, இடி மாதிரிச் சத்தத்தோடு உருண்டு வந்து மலையிடுப்பில் நின்றது. ஊர் குலுங்கியது. மருத்துவச்சி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குலுக்கலில்தான் பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை.

தொப்புள்கொடி அறுத்ததுதான் தாமதம், ஆவுடைச்சி எழுந்துவிட்டாள். பச்சை உடம்பு, பச்சைப் பிள்ளை, வாசல் தாண்டக் கூடாது என்று மருத்துவச்சி கத்தினாள். நயினான் மட்டும் கதவைத் திறந்துவிட்டான். அப்போது விடிந்துகொண்டிருந்தது. அவள் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு மணலுக்கு வந்து நின்றாள். மேலே புகைதான் இருந்தது.

இடிச்சத்தத்தில் வாடையும் விழித்துவிட்டாள். ஐயோ தூங்கிவிட்டேனே என்று அலறியடித்துக்கொண்டு கடலிலிருந்து வந்தாள். வந்த வேகத்தில் ஊர்மேல் கவிந்திருந்த புகையெல்லாம் ஒதுங்கிவிட்டது. வானம் கழுவிவிட்டது போல ஆயிற்று. அப்போதுதான் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மலையின் தலை முழுக்க வெள்ளையாக இருந்தது, வெயில் அதில் பட்டு மஞ்சளாகிக்கொண்டு வந்தது. கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

"நேரமாயிட்டு அண்ணாச்சி, கண்ணசந்துட்டேன். குடுங்க என் மூட்டைய," என்று வாடை கையை மேலே நீட்டினாள்.

மூட்டையைக் கொடுக்க வேண்டாம் என்று மலையிடம் சொல்ல ஆவுடைச்சிக்கு வாய் வரவில்லை. ஒருவரை எவ்வளவுதான் கேட்பது. ஆனால் பார்க்கிறேன் என்று சொன்ன பேச்சு ஒன்று பாக்கி இருந்தது, வந்துவிட்டேன் என்றாவது காட்ட வேண்டும். மலை பிள்ளையைப் பார்க்க விரும்பியது அவளுக்குத் தெரிந்தது. தலையில் பாரம் இருக்கிறவர் குனிய முடியாது. அதனால் அவள் பிள்ளையை இரண்டு கையாலும் தன் தலைக்குமேலே தூக்கிக் காட்டினாள். பிள்ளை பெற்ற உடம்பு, கை தாழப் பார்த்தது. நயினான் பின்னால் வந்து அவள் முழங்கைகளைத் தாங்கிக்கொண்டான்.

"இதுதானா, தங்கச்சி?"

"இதுதான், அண்ணாச்சி."

"சின்னதா இருக்கே," என்றது மலை. பிள்ளை வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி ஒரு கொட்டாவி விட்டது. மலை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கால் நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

பிறகு அது வாடையிடம் சொன்னது: "இருக்கட்டும், நீ இறக்காத. வாறப்பல்லாம் இந்தப் புகைய மட்டும் பெருக்கிட்டுப் போ. எனக்குப் பிள்ளை தெரியணும்."

மலை பேசிய கடைசிப் பேச்சு அதுதான். பாரத்தோடு நிற்கிறவர்கள் பேசமாட்டார்கள், மூச்சு வீணாகும். வாடை நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வானத்தை இன்னொரு தடவை பெருக்கிவிட்டு வடக்கே போனாள். அடுத்த வருஷம் அடுத்த மூட்டையோடு வந்தாள். வடக்கே ஏற்றிவிடுகிறவர்கள் மாறவில்லையே. ஆனால் இறக்க இடம் இருந்தது. கோடையில் வெயில் வந்து சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஆறாக இறக்கிவிடும். அந்த மாதங்களில் மலை புகைமூட்டத்தைப் போர்த்திக்கொண்டு நின்றபடியே தூங்கும், ஊரிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தூங்குகிறவரை யாரும் பார்க்கவேண்டியதில்லை. மார்கழியில் வாடை வந்து மூட்டையை ஏற்றிவிட்டு, ஊர்ப்புகையைப் பெருக்கியதும் மறுபடி தெரியும்.

உவர்க்கரையில் இன்றைக்கும் ஒருவர் கையில் ஒன்றைக் கொடுத்து, கொஞ்சம் பிடி என்று சொல்லமாட்டார்கள். வாசலோ ஜன்னலோ ஏதாவது ஒன்று வடக்கே பார்த்து இல்லாமல் வீடு கட்டமாட்டார்கள். வெளியூர்க்காரர்கள் காட்சிக்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள், நினைத்துக்கொள்ளட்டும். குளிர்காலத்தில் அந்த ஊரில் ஒரு பிள்ளை பிறந்தால், சொந்தக்காரர்கள் முகம் பார்ப்பதற்கு முன்னால், தாய் அதை வெளியே கொண்டுவந்து மலைக்கு நேராகத் தன் தலைக்குமேலே தூக்கிப் பிடிக்கிறாள், தகப்பன் பின்னால் நின்று அவள் கையைத் தாங்கிக்கொள்கிறான். மலையால் குனிந்து பார்க்க முடியாது என்று தெரிந்துபோன அந்த விடியலிலிருந்து இப்படித்தான் செய்துவருகிறார்கள்.